பசைக்குள் பூட்டிய ஒலி

ஆம்ப்ளிஃபயர் என்று ஆங்கிலத்திலும் பெருக்கி என்று தமிழிலும் சொல்லப்படும் மின்கருவிக்கு இடப்படும் கட்டளை பொதுவாக ஒன்றுதான்: உள்ளே வருவதை எவ்வகையிலும் மாற்றாமல் பெரிதாக்கி வெளியே அனுப்ப வேண்டும். திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் கோயிலின் மாசித் திருவிழாவில் கம்பத்துக்குக் கம்பம் கட்டப்படும் மைக் செட்டும், சுற்றுச் சமவெளிக் கிராமங்களில் காதுகுத்துக்கும் மாதா கோயில் சப்பரத்துக்கும் வாடகைக்கு வரும் மைக் செட்டும் இக்கட்டளைக்குக் கட்டுப்பட்டவை. அவை ஒலியை எந்த அளவுக்குக் கெடுக்கின்றனவோ அந்த அளவுக்குக் குறைபாடுடையவை என்று மதிப்பிடப்படுகின்றன. மின் கிதாருக்கான பெருக்கி மட்டும் இக்கட்டளையை மீறுவதற்காகவே விலை பெறுகிறது. அதன் திரிபு அளவிடப்பட்டு, செதுக்கப்பட்டு, ஒரு கலைஞரின் விரலுக்குப் பொருந்துமாறு திருத்தப்படுகிறது என்பதாலும், அந்த வேலையைப் பெரிய தொழிற்சாலைகளைவிட ஒன்றிரண்டு பேர் உழைக்கும் சிறு பட்டறைகள் நேர்த்தியாகச் செய்திருக்கின்றன என்பதாலும், இது தனியே ஆராயத்தக்க பொருளாகிறது. இத்தகைய பட்டறைகளை மேல்நாட்டு இசை வணிகர்கள் ‘பூட்டீக்’ என்பார்கள். சிறு கடை என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. பூட்டுக்குப் பெயர்போன திண்டுக்கல்லில் இச்சொல் வேறு விதமாகக் காதில் விழுவது தற்செயலே என்றாலும், அந்தத் தற்செயலில் ஒரு பொருத்தம் இருப்பது பின்னர்த் தெரியவரும்.

முதலில் மைக் செட்டின் அமைப்பைச் சற்று நோக்கினால் கிதார் பெருக்கி எங்கே பிரிந்து போகிறது என்பது விளங்கும். கூம்பு வடிவக் குழாய் ஒலிபெருக்கியின் உள்ளே அதிரும் தகடு சிறியது, விறைப்பானது. காற்றோ மிக இலேசானது. இவ்விரண்டுக்கும் இடையே ஆற்றல் எளிதில் கைமாறாது. சிறிய வாயில் தொடங்கிப் படிப்படியாக விரியும் கூம்பு அந்தப் பொருத்தமின்மையைத் தணிப்பதால், வெறும் காகிதக் கூம்பு ஸ்பீக்கர் தனக்குக் கிடைக்கும் மின்னாற்றலில் ஒன்றிரண்டு விழுக்காட்டை மட்டும் ஒலியாக்கும்போது, குழாய் அதைப்போலப் பல மடங்கை ஒலியாக்கிவிடுகிறது. நெடுந்தொலைவுக் கம்பிகளில் ஆற்றல் வீணாவதைக் குறைக்க இவ்வகைப் பெருக்கிகளில் 100 வோல்ட் இணைப்பு முறை உண்டு. 100 வாட் ஆற்றலை 8 ஓம் ஸ்பீக்கருக்கு நேராக அனுப்பினால் கம்பியில் ஏறத்தாழ 3.5 ஆம்பியர் ஓடும். 100 வோல்ட்டில் அனுப்பினால் 1 ஆம்பியரே போதும். கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதால் இழப்பு பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. மின்வாரியம் உயரழுத்தத்தில் மின்சாரத்தைக் கடத்துவதற்கான காரணமும் இதுவே. மைக் செட்டின் அறிவியல் முழுவதும் தொலைவையும் தெளிவையும் பற்றியது.

மின் கிதாரின் தேவை வேறு. அதன் எஃகுத் தந்திக்குக் கீழே, காந்தத்தைச் சுற்றித் தலைமுடியினும் மெல்லிய செப்புக் கம்பியைச் சில ஆயிரம் சுற்றுகள் சுற்றிய ‘பிக்கப்’ என்னும் உணரி உள்ளது. தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறி, கம்பியில் வோல்ட்டின் சிறு பின்னங்களாக மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. ஜார்ஜ் பியூசாம்ப் அமெரிக்காவில் 1930களின் தொடக்கத்தில் உருவாக்கிய இவ்வமைப்பு 1937இல் காப்புரிமை பெற்றது. அன்றைய நோக்கம் மேளங்களுக்கும் ஊதுகருவிகளுக்கும் நடுவே கிதாரின் மெல்லிய ஒலி எடுபட வேண்டும் என்பது மட்டுமே. ஆனால் பெருக்கியை அதன் வரம்புக்கு மேல் உழைக்கவைத்தபோது எழுந்த கரகரப்பு இளம் கலைஞர்களுக்குப் பிடித்துப்போனது. 1964இல் இங்கிலாந்தின் கிதார் கலைஞர் டேவ் டேவிஸ் ஸ்பீக்கரின் காகிதத்தையே சவரத் தகட்டால் கீறி அந்த ஒலியைப் பெற்றார் என்றால், பழுது என்று பொறியாளர்கள் ஒதுக்கியதை இசைக்கலைஞர்கள் எவ்வளவு முனைந்து தேடினார்கள் என்பதை உணரலாம்.

அந்தக் கரகரப்பின் ஊற்று வெற்றிடக் குழாய், அதாவது வால்வு. பழைய வானொலிப் பெட்டிகளின் பின்புறம் செம்மஞ்சளாக ஒளிர்ந்த அதே கண்ணாடிக் குமிழ்தான். 1906இல் லீ டி ஃபாரஸ்ட் வடிவமைத்த மும்முனை வால்வில், சூடாக்கப்பட்ட கேத்தோடு எலக்ட்ரான்களை உமிழ்கிறது. உயர் மின்னழுத்தத்தில் உள்ள ஆனோடு அவற்றை ஈர்க்கிறது. இடையில் நிற்கும் கிரிட் என்னும் கம்பிவலை, வாய்க்கால் மடையைப் போல, தனக்குத் தரப்படும் சிறு மின்னழுத்தத்தைக் கொண்டு அப்பெரும் ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. கிதார் பெருக்கிகளில் மிகப் பரவலாக உள்ள ஈசிசி 83 என்னும் வால்வு ஒரே கண்ணாடிக்குள் இரண்டு மும்முனைகளைக் கொண்டது. ஒவ்வொன்றின் பெருக்கக் கெழு 100. மடையை முழுவதும் மூடினால் நீர் நிற்கும், முழுவதும் திறந்தாலும் வாய்க்காலின் அளவுக்கு மேல் நீர் வராது. வால்வுக்கும் இவ்விரு எல்லைகள் உண்டு. எல்லையை எட்டும் அலையின் முகடு தட்டையாகிறது. வால்வில் இந்தத் தட்டையாதல் பெரும்பாலும் மெல்ல வளைந்து நிகழ்வதால், அலையோடு புதிதாகச் சேரும் சீரிசைகள், அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் இரண்டு, மூன்று, நான்கு மடங்கான ஒலிகள், கீழ்வரிசையிலேயே வலுவாக இருக்கின்றன. அலையைக் கத்தரித்தாற்போல வெட்டும் எளிய டிரான்சிஸ்டர் சுற்றிலோ உயர்வரிசைச் சீரிசைகள் மிகுந்து காதைக் குத்துகின்றன. வால்வுக்கு உயிருண்டு, டிரான்சிஸ்டருக்கு இல்லை என்னும் வியாபாரப் பேச்சுக்கு அடியில் உள்ள உண்மை இவ்வளவே. முகட்டை மெல்ல வளைக்கும்படி அமைத்தால் டிரான்சிஸ்டரும் இனிமையாகக் கரகரக்கும்.

தமிழ் இசை மரபில் பழகிய காதுக்கு இந்தத் திரிபு அயலானது அன்று என்பதை இங்கே வற்புறுத்த வேண்டும். தம்புராவின் குதிரை மீது தந்திக்கு அடியில் செருகப்படும் ஜீவா என்னும் நூலிழை, தந்தி அதிரும்போது அதைக் குதிரையின் வளைந்த பரப்பில் உரசி உரசி விலகவைக்கிறது. நூலை எடுத்துவிட்டால் ஒலி சுத்தமாகிறது. கூடவே செத்தும் போகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் 1921இல் வீணையையும் தம்புராவையும் ஆராய்ந்து, தந்தியை மீட்டும் புள்ளியில் கணுவாக அமைய வேண்டிய சீரிசை ஒலிக்கக் கூடாது என்னும் யங்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் விதி இவ்விரண்டிலும் மீறப்படுவதைக் காட்டினார். வளைந்த குதிரை, மீட்டலில் இல்லாத சீரிசைகளையும் பிறப்பிக்கிறது. மின்னியலின் மொழியில் சொன்னால், தம்புராவின் குதிரை நேரியல்பற்ற ஓர் உறுப்பு. உள்ளே வந்ததோடு புதியதையும் சேர்த்து வெளியே அனுப்புவது. வால்வு பெருக்கி மின்சாரத்தில் செய்வதைக் குதிரையும் நூலும் மரத்திலும் பஞ்சிலும் செய்கின்றன.

இந்த ஒப்புமையை எண்களில் சரிபார்க்கலாம். கிதாரில் 110 ஹெர்ட்ஸ் ஒலியை ஷட்ஜமமாகக் கொண்டு, 165 ஹெர்ட்ஸ் பஞ்சமத்தையும் சேர்த்து மீட்டி, வரம்பு மீறி உழைக்கும் பெருக்கி ஒன்றுக்குள் செலுத்துவதாகக் கொள்வோம். நேரியல்பற்ற சுற்றுக்குள் நுழையும் இரண்டு அதிர்வெண்கள் தங்கள் கூட்டுத்தொகையையும் வேறுபாட்டையும் புதிய ஒலிகளாகப் பிறப்பிக்கும். வேறுபாடு 55 ஹெர்ட்ஸ். அது ஷட்ஜமத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள ஷட்ஜமம். கூட்டுத்தொகை 275 ஹெர்ட்ஸ். அது மேல் ஸ்தாயியின் அந்தர காந்தாரம். ராக் இசையில் ‘பவர் கார்ட்’ எனப்படும் இவ்விரு சுரச் சேர்க்கை, இரண்டு தந்திகளிலிருந்து ஒரு கூட்டமே முழங்குவதுபோல் ஒலிப்பதன் காரணம் இதுதான். தம்புராவில் காந்தாரத்துக்குத் தந்தி இல்லை. ஆயினும் நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் அந்தர காந்தாரம் தானே எழுவதைப் பாடகர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். அங்கே அது மந்திர ஷட்ஜமத்தின் ஐந்தாம் சீரிசையாக எழுகிறது. இங்கே 275 என்பதும் 55இன் ஐந்து மடங்கே. இருவேறு வழிகளில் இருவேறு உலகங்கள் ஒரே சுரத்தை வந்தடைகின்றன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பஞ்சமம் போன்ற எளிய விகிதத்துக்கு இவ்வளவு இசைவாக ஒத்துழைக்கும் திரிபு, சிக்கலான சுரச் சேர்க்கைகளைக் குழப்பக் கூச்சலாக்கிவிடும். யு. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினில் கர்நாடக இசையின் கமகங்களை வாசித்தபோது வேண்டியிருந்தது தெளிவான, நீண்டு நிற்கும் ஒலி. மின்மயமாக்கம் அங்கே நாதத்தை நீட்டிக்கப் பயன்பட்டதே அன்றி முகட்டைத் தட்டையாக்க அன்று. எந்த அளவு திரிபு என்பதை இசையே முடிவு செய்கிறது. ஆகவே எல்லார்க்கும் பொதுவான ஒரு நல்ல கிதார் பெருக்கி என்று ஒன்று இருக்கவும் முடியாது. சிறு பட்டறையின் நியாயம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

பெரிய நிறுவனங்களும் சிறு பட்டறைகளாகத்தான் தொடங்கின. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் 1938இல் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்த லியோ ஃபெண்டர், வால்வு உற்பத்தியாளர்கள் வெளியிட்ட மாதிரிச் சுற்றுகளை அடியொற்றியே தம் பெருக்கிகளை உருவாக்கினார். இலண்டனின் ஹான்வெல் பகுதியில் மேளக்கடை நடத்திய ஜிம் மார்ஷல், 1962இல் கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோருடன் சேர்ந்து, ஃபெண்டரின் பேஸ்மேன் சுற்றைப் பார்த்துத் தம் முதல் பெருக்கியைச் செய்தார். சுற்று ஏறத்தாழ ஒன்றே. ஆனால் இங்கிலாந்தில் கிடைத்த வால்வும் மின்மாற்றியும் ஸ்பீக்கரும் வேறு. அதனால் ஒலியும் வேறாயிற்று. காவிரித் தண்ணீருக்குப் பழகிய நெல் வைகைத் தண்ணீரில் சுவை மாறுவதைப்போல என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் காரணங்களை ஒவ்வொன்றாகக் காட்ட முடியும் என்பதே அறிவியலின் வசதி.

அக்காரணங்களுள் முதன்மையானது வெளியீட்டு மின்மாற்றி. ஆற்றல் வால்வு சில ஆயிரம் ஓம் சுமையை எதிர்பார்க்கிறது. ஸ்பீக்கர் 8 ஓம் மட்டுமே. 4000 ஓம் என்பதை 8 ஓமுடன் பொருத்த, முதன்மைச் சுருளுக்கும் துணைச் சுருளுக்கும் இடையிலான சுற்றுகளின் விகிதம் 500இன் இருமடி மூலம், அதாவது ஏறத்தாழ 22 ஆக இருக்க வேண்டும். விகிதம் கணக்கில் வந்துவிடும். கைத்திறன் அதற்குப் பின்னர்தான் தேவைப்படுகிறது. இரு சுருள்களையும் அடுக்கடுக்காக மாற்றி மாற்றிச் சுற்றாவிட்டால் உயர் அதிர்வெண்கள் கசிந்து போகும். இரும்புத் தகடுகளின் அளவு குறைந்தால் தாழ் ஒலிகளில் இரும்பு காந்தச் செறிவை எட்டி, வால்வு சேர்க்கும் திரிபோடு தன் திரிபையும் சேர்க்கும். கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடைகள் நிறைந்த திண்டுக்கல் சமவெளியில் இந்த வேலையின் அடிப்படை யாருக்கும் புதிதன்று. எனாமல் பூசிய செப்புக் கம்பி, காப்புக் காகிதம், வார்னிஷ், சுற்றுகளை எண்ணும் பொறுமை ஆகியவை இரண்டுக்கும் பொது. மோட்டாரில் சூடு தாங்குவது குறிக்கோள், இங்கே ஒலியின் மேல்விளிம்பு குறிக்கோள்.

அடுத்தது மின்வழங்கி. பழைய பெருக்கிகளில் மாறுதிசை மின்னோட்டத்தை நேர்த்திசையாக்குவதும் ஒரு வால்வே. தந்தியைப் பலமாக அடிக்கும் கணத்தில் ஆற்றல் வால்வுகள் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்க, அந்தத் திருத்தி வால்வில் அழுத்தம் இறங்கி, ஒலி ஒரு கணம் அமுங்கி, மீண்டும் எழும்புகிறது. விரலின் அழுத்தத்துக்குப் பெருக்கி விட்டுக்கொடுப்பதுபோன்ற இந்த உணர்வைக் கலைஞர்கள் பெரிதும் மதிக்கிறார்கள். மாலையில் அழுத்தம் குறைந்து மோட்டார் திணறும்போது இங்கே விவசாயி ஸ்டெபிலைசரைத் தேடுகிறார்; ராக் கிதார் கலைஞர் எடி வான் ஹாலனோ அழுத்தத்தை மாற்றும் கருவியைக் கொண்டு வேண்டுமென்றே குறைந்த மின்சாரத்தைத் தம் பெருக்கிக்குக் கொடுத்தார்.

மூன்றாவது, பின்னூட்டம். வெளியீட்டின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி உள்ளீட்டில் சேர்த்தால் பிழைகள் தம்மைத் தாமே அடித்துக்கொள்ளும் என்பதை 1927இல் பெல் ஆய்வகத்தின் ஹெரால்டு பிளாக் கண்டறிந்தார். தொலைபேசிக்கும் மைக் செட்டுக்கும் இந்த எதிர் பின்னூட்டம் பெரும் வரம். கிதார் பெருக்கியில் அதை அதிகம் சேர்த்தால், எல்லையை எட்டும்வரை ஒலி மாசற்றதாக இருந்து, எட்டியதும் திடீரென உடைகிறது. குறைவாகச் சேர்த்தால் உடைவு முன்னமே தொடங்கிப் படிப்படியாக வளர்கிறது. ஒரே ஒரு மின்தடையின் மதிப்பை மாற்றி இந்த வளர்ச்சியின் வேகத்தை அமைக்கலாம். அதேபோல் முதல் வால்வின் கேத்தோடில் 25 மைக்ரோஃபாரட் மின்தேக்கிக்குப் பதிலாக 0.68 மைக்ரோஃபாரட் வைத்தால் தாழ் ஒலிகள் பின்வாங்கி நடு ஒலிகள் முன்னே வருகின்றன. சில ரூபாய் உறுப்புகள்தான். எதை, எந்த அளவு, எந்தக் கைக்காக என்பதே கேள்வி.

அந்தக் கேள்வியையே தொழிலாக்கிக்கொண்டவர் ஹோவர்டு அலெக்சாண்டர் டம்பிள். 1944இல் கலிஃபோர்னியாவில் பிறந்து 2022 ஜனவரியில் மறைந்த இவர், வாழ்நாள் முழுவதிலும் செய்த பெருக்கிகள் ஏறத்தாழ 300 மட்டுமே. ராபன் ஃபோர்டு, லாரி கார்ல்ட்டன், ஸ்டீவி ரே வான், கார்லோஸ் சந்தானா போன்றோர் அவருடைய கருவிகளை வாசித்தவர்கள். கலைஞர் வாசிப்பதைக் கேட்டு, அவர் தந்தியைத் தொடும் விதத்துக்கு ஏற்பச் சுற்றின் மதிப்புகளைத் திருத்துவது அவருடைய முறை. ‘ஓவர்டிரைவ் ஸ்பெஷல்’ என்னும் புகழ்பெற்ற வகையில், தெளிந்த முதற்கட்டத்தின் வெளியீடு இன்னொரு வால்வுக் கட்டத்துக்குள் செலுத்தப்பட்டு, அளவோடு உடைக்கப்படுகிறது. இன்று அவை 1,00,000 டாலருக்கும் மேலான விலைக்குக் கைமாறுகின்றன. அந்த விலையில் அருமையும் புகழும் எத்தனை பங்கு, ஒலி எத்தனை பங்கு என்று பிரித்தால் ஒலியின் பங்கு சிறியதாகவே இருக்கும்.

நியூஜெர்சியில் ‘டிரெய்ன்ரெக்’ என்ற பெயரில் தனியாளாக உழைத்து 2006இல் மறைந்த கென் ஃபிஷரின் அக்கறை வேறொன்று. முன்னர் ஆம்பெக் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், தம் பெருக்கிகளுக்கு வரிசை எண்ணுக்குப் பதிலாகப் பெண்களின் பெயர்களைச் சூட்டினார். உள்ளே ஒவ்வொரு கம்பியும் எவ்வழியே செல்ல வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். இது வெறும் மனப்பற்று அன்று. அருகருகே ஓடும் இரு கம்பிகள் தம்மளவில் ஒரு நுண்ணிய மின்தேக்கி. சில பிக்கோஃபாரட் அளவே என்றாலும், உயர் மின்மறுப்புள்ள கிரிட் கம்பிக்கு அது போதும். அதன் வழியே வெளியீட்டின் ஒரு துளி தலைகீழாகாமல் உள்ளீட்டுக்குத் திரும்பினால் பெருக்கி ஊளையிடும். ஊளையின் விளிம்புக்கு ஓர் இம்மி முன்னே நின்றால் அசாதாரணமான கூர்மையோடு விரலுக்கு விடையளிக்கும். அச்சிட்ட சுற்றுப்பலகையில் கம்பித் தடங்கள் எல்லாப் பிரதிகளிலும் அசையாமல் நிற்பதால் தொழிற்சாலைக்கு அது நிம்மதி. ஒரு கம்பியைக் குச்சியால் தள்ளித் தள்ளிச் செவியால் இடம் தேடுபவருக்கு அதுவே தடை.

மிருதங்கம் செய்வோரின் வேலையும் இவ்வகையினதே. வலந்தலையின் நடுவில் சோற்றையும் இரும்புத்தாதுக் கல்லின் பொடியையும் குழைத்து, மெல்லிய படலங்களாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றும் கருந்திட்டு, சாதாரணத் தோலின் ஒழுங்கற்ற மேற்சுரங்களைச் சீரிசை வரிசைக்குள் கொண்டுவருகிறது என்பதை 1920இல் ராமனும் சிவகாளி குமாரும் ‘நேச்சர்’ இதழில் விளக்கினார்கள். விளக்கம் வந்து நூறாண்டு கடந்தும் படலத்தை எங்கே நிறுத்துவது என்பதைச் செய்பவரின் காதே சொல்கிறது. அறிவு எழுதப்பட்டுவிட்டது, அளவு எழுதப்படவில்லை.

டம்பிள் தம் அளவுகளை எழுதாததோடு நில்லாமல், சுற்றுப்பலகையின் மீது கறுப்பு எபாக்சிப் பசையை ஊற்றி இறுகவைத்து மறைக்கவும் செய்தார். ஏற்கெனவே அறியப்பட்ட உறுப்புகளின் மதிப்பை மாற்றி அமைப்பதற்குக் காப்புரிமை கிடைப்பது அரிது. ஆகவே பசையே பூட்டாயிற்று. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் பாதுகாப்பு வேறு வகையானது. லீவர் எனப்படும் நெம்புத் தகடுகள் சரியான உயரத்துக்கு எழுந்தால்தான் திறக்கும் என்பது ஊரறிந்த செய்தி. கையால் அராவி ஒவ்வொரு பூட்டுக்கும் வேறாக அமைக்கப்படும் அந்த உயரங்களிலேயே காவல் இருக்கிறது. பொறிமுறையை மறைக்க வேண்டிய தேவை அங்கே இல்லை.

பசையைச் சுரண்டி எடுத்தவர்கள் கண்டவையும் மின்தடைகளும் மின்தேக்கிகளும்தான். மதிப்புகள் வெளியே வந்தன, வரைபடங்கள் பரவின, அவற்றைப் பார்த்துப் பல பட்டறைகள் பிரதிகளைச் செய்தன; பல பிரதிகள் நன்றாகவே ஒலித்தன. ஆனால் ஒவ்வொரு பெருக்கியும் ஒரு தனிக் கலைஞருக்காகத் திருத்தப்பட்டது என்பதால், எதைப் பிரதியெடுப்பது என்பதிலேயே குழப்பம் நேர்ந்தது: ஒருவருடைய கைக்கு அமைத்த சாவியை இன்னொருவர் தம் கதவில் நுழைத்துப் பார்ப்பதாயிற்று.

வால்வுகளின் எதிர்காலம் இப்பட்டறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான கவலை. பெங்களூரில் 1954இல் தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஒருகாலத்தில் நாட்டின் வானொலிகளுக்கான வால்வுகளை உற்பத்தி செய்தது. பழைய கடைகளில் தேங்கிய அவ்வால்வுகளை இன்று அயல்நாட்டுப் பெருக்கி ஆர்வலர்கள் தேடி வாங்குகிறார்கள். இப்போது புதிய வால்வுகள் முதன்மையாக ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளிலிருந்தே வருகின்றன. 2022இல் ரஷ்யாவின் ஏற்றுமதி தடைபட்டபோது உலகெங்கும் கிதார் வட்டாரங்களில் விலையேற்றமும் பதற்றமும் ஏற்பட்டன. வால்வு தேய்ந்தால் கழற்றி மாற்றலாம். மின்வழங்கியின் மின்தேக்கிகள் இருபதாண்டுகளில் உலர்ந்துபோனால், அவற்றில் தேங்கிநிற்கும் 400 வோல்ட்டை முதலில் வடித்துவிட்டு மாற்றலாம்; மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் ஆளைக் கொல்லும் அந்தத் தேக்கத்தை மறந்து கைவைப்பது ஆபத்து. பசைக்குள் புதைந்த ஒரு மின்தடை பழுதானாலோ, பழுதுபார்ப்பவர் சூடேற்றிப் பசையை இளக்கி, கீழே உள்ள உறுப்பு நொறுங்காமல் சுரண்டி எடுத்து, அதன் மதிப்பை அளந்து, நிகரானதைப் பற்றவைக்க வேண்டும். டம்பிள் இப்போது இல்லாததால், அவருடைய பூட்டை உடைக்காமல் அவருடைய ஒலியைத் தொடர்ந்து ஒலிக்கச் செய்ய முடியாத பெருக்கிகள் ஆண்டுதோறும் கூடிக்கொண்டிருக்கின்றன.